பழைய அலாரத்துக்கு இன்ரநெற் மொடியூல் பூட்டலாமோ? அம்மா அமத்தின பட்டன் ஒருத்தருக்கும் போய்ச் சேரேல்லை

மல்லிகைப்பந்தல், ஸ்காபரோ:

எல்லாருக்கும் வணக்கம். அலாரம் வயரிங், நெற்வேர்க் தெரிஞ்ச ஆராவது இதைப் பாத்தால் தயவுசெய்து பதில் போடுங்கோ. கொஞ்சம் நீட்டாத்தான் எழுதுறன். எது முக்கியம், எது முக்கியமில்லை எண்டு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியேல்லை.

2009ல இந்த வீட்டை வாங்கேக்கையே அலாரம் பூட்டிக் கிடந்தது. பேஸ்மென்டில ஃபர்னஸுக்குப் பக்கத்துச் சுவரில ஒரு தகரப் பெட்டி. உள்ளுக்கு இருக்கிற போட்டில டிஎஸ்சி பிசி1864 எண்டு போட்டிருக்கு. முன் கதவடியில எழுத்து வாற கீபாட். முன் கதவு, பின் கதவு, பேஸ்மென்ட் யன்னல் ரண்டு, ஹோலில ஆள் நடமாட்டம் பாக்கிற சென்சர் ஒண்டு, மேல்மாடியில புகை சென்சர் ஒண்டு. எல்லாம் வயர் போட்டது.

அம்மாவுக்கு 76 வயசு. சீனி வருத்தம் இருக்கு, இடது முழங்காலும் சரியில்லை. நான் முதியோர் இல்லத்தில இரவு வேலை, கிழமையில நாலு நாள். இரவு பத்தரைக்கு வெளிக்கிட்டால் விடிய ஏழரைக்குத்தான் திரும்பி வருவன். அந்த நேரம் வீட்டில அம்மாவும் பதினாலு வயசு மகளும் மட்டும். கள்ளன் வருவான் எண்டதை விட, அம்மா இரவில விழுந்திடுவாவோ, சீனி இறங்கிடுமோ எண்டதுதான் எனக்குப் பயம். கீபாட்டில ஏ எண்டு ஒரு பட்டன் இருக்கு, அவசர உதவிக்கு. ரண்டு செக்கன் அமத்திப் பிடிச்சால் மூண்டு தரம் பீப் எண்டும். தகவல் கண்காணிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேந்த உடன கடகடவெண்டு பத்துத் தரம் பீப் எண்டும். "பத்தும் கேட்டால் பயப்பிடாதேங்கோ அம்மா, ஆக்கள் வருவினம்" எண்டு சொல்லிக் குடுத்து வைச்சனான். சைரன் அடிக்காது, பேத்தி பயந்து எழும்ப மாட்டாள் எண்டதால அம்மாவுக்கும் அந்தப் பட்டன் பிடிச்சிருந்தது.

போன பங்குனியில பழைய செப்புக் கம்பி லைனை எடுத்துப்போட்டு ஃபைபர் போட்டவை. ரெலிபோன் இப்ப ஃபைபர் பெட்டியில இருந்து வருது. கதைக்க ஒரு குறையும் இல்லை. அலாரம் என்னாச்சு எண்டு வந்த ஆள் கேக்கேல்லை, நானும் யோசிக்கேல்லை. அதுக்குப் பிறகு கீபாட்டில மஞ்சள் முக்கோணம் ஒண்டு எரிஞ்சு கொண்டே இருந்தது.

ரண்டு கிழமைக்கு முன்னம் அம்மா கீபாட்டைத் துடைக்கேக்க ஏ பட்டன் அமந்து போச்சு. மூண்டு பீப் வந்ததாம். அம்மா அதிலயே சுவரைப் பிடிச்சுக்கொண்டு மற்றப் பத்துக்கும் காத்துக்கொண்டு நிண்டிருக்கிறா. வரேல்லை. ஒரு கோலும் வரேல்லை. விடிய நான் சப்பாத்துக் கழட்டேக்க "பிள்ளை, உது பத்துச் சொல்லேல்லை" எண்டா. எனக்குக் கால் ரண்டும் விறைச்சுப் போச்சு. பங்குனியில இருந்து எத்தினை இரவு நான் அந்தப் பட்டனை நம்பி வேலைக்குப் போயிருக்கிறன்.

கண்காணிப்புக் கம்பனிக்கு அடிச்சன். உங்கட பெட்டி பழசு, இனிச் சரிவராது, எல்லாத்தையும் கழட்டிப்போட்டுப் புதுசு பூட்ட வேணும், 36 மாச ஒப்பந்தம் எண்டு சொல்லுகினம். இவ்வளவு மாசமும் ஒரு தகவலும் வரேல்லை எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை எண்டு கேட்டதுக்கு மறுமொழி இல்லை. காசு மட்டும் மாசாமாசம் கழிஞ்சிருக்கு.

பழைய பனலுக்கே, அதாவது அந்தத் தகரப் பெட்டியில இருக்கிற போட்டுக்கே, இன்ரநெற் மொடியூல் பூட்டலாம் எண்டு கேள்விப்பட்டன். உண்மையோ? நானே பூட்டலாமோ? கறண்ட் போனால் அது வேலை செய்யுமோ? எனக்கு வேண்டியது ஒண்டுதான்: அம்மா அமத்தினால் அது ஆருக்காவது போய்ச் சேர வேணும்.


மொன்றியல் தம்பிராசா:

பிள்ளை, நான் மூண்டு வருசத்துக்கு முன்னம் ஒப்பந்தத்தில கையெழுத்து வைச்சுப் புதுசு பூட்டினனான். மாசக்காசு கூடத்தான். ஆனால் என்ன பிழை வந்தாலும் அவையே வந்து பாக்கினம், நான் ஏணியில ஏறத் தேவையில்லை. இரவு வேலையும் செய்துகொண்டு தாயையும் பாக்கிற உங்களுக்கு இந்த வயர் வேலை மேலதிகச் சுமை. எதுக்கும் யோசிச்சு முடிவெடுங்கோ.


வயர்க்காரன், மார்க்கம்:

தங்கச்சி, உங்கட பெட்டி பழசுதான், ஆனால் செத்துப் போகேல்லை. நான் 1996ல இருந்து 22 வருசம் ரொறன்ரோ, மார்க்கம், பிரம்ரன் எல்லாம் அலாரம் பூட்டினவன். டிஎஸ்சியே இஞ்ச வோன் நகரத்தில கொன்கோட்டில இருக்கிற கம்பனிதான். பிசி1864 போட்டில எட்டு சோன் இருக்கு (சோன் எண்டால் சென்சர் வயர் வந்து பூட்டுற இடம்), விரிச்சால் 64 வரைக்கும் போகலாம். உங்கட ஆறு சென்சருக்கு அது தாராளம். வயர் போட்ட சென்சருக்குப் பற்றறி மாத்துற வேலையும் இல்லை. அதைக் கழட்டி எறியச் சொல்லுறதில எனக்கு உடன்பாடு இல்லை.

முதல், கீபாட்டில நட்சத்திரத்தையும் 2ஐயும் அமத்துங்கோ. மஞ்சள் முக்கோணம் ஏன் எரியுது எண்டு சொல்லும். 2 எண்டால் மின்சாரம் வரேல்லை. 3 எண்டால் ரெலிபோன் லைன் இல்லை. 4 எண்டால் அனுப்பிப் பாத்தும் தகவல் போய்ச் சேரேல்லை. 1 எண்டால் உள்ளுக்கு ஏதோ பாக்க வேணும், அது பெரும்பாலும் பற்றறி. வாறதை எழுதிப் போடுங்கோ.

பத்துப் பீப் ஏன் வரேல்லை எண்டு உங்களுக்கு விளங்க வேணும், அதால கொஞ்சம் விளக்கமாச் சொல்லுறன். பனல் ரெலிபோன் லைனைப் பிடிச்சு நிலையத்துக்கு அடிக்கும். அங்க தகவல் வாங்கிற மெசின் (றிசீவர்) எடுத்து 1400 ஹேர்ட்ஸில ஒருக்கா, 2300 ஹேர்ட்ஸில ஒருக்கா ஊதும். "சொல்லு, கேக்கிறன்" எண்ட மாதிரி. உடன பனல் 16 இலக்கத்தை ரெலிபோன் பட்டன் சத்தத்தில தட்டிவிடும். கொன்ராக்ற் ஐடி எண்டு அதுக்குப் பேர். அதுக்குள்ள உங்கட கணக்கு நம்பர், என்ன நடந்தது, எந்த சோன் எல்லாம் இருக்கும். 100 எண்டால் மருத்துவ உதவி, 110 நெருப்பு, 130 உடைப்பு. ஒவ்வொரு சத்தமும் ஒரு செக்கன்ர இருபதில ஒரு பங்குதான், இடைவெளியும் அவ்வளவுதான். கடைசி இலக்கம் கூட்டிச் சரிபாக்கிறதுக்கு. கணக்குச் சரி எண்டால் றிசீவர் திருப்பி 1400ல ஒருக்கா நீட்டி ஊதும். அந்த ஊதல் பனலுக்குக் கேட்டால்தான் உங்கட அம்மாவுக்குப் பத்துப் பீப்.

ஃபைபர் ரெலிபோனில குரலைத் துண்டு துண்டா வெட்டி அனுப்பி, மற்றப் பக்கத்தில திருப்பி ஒட்டுறாங்கள். மனிசற்ர காது ஒரு துண்டு விடுபட்டாலும் சமாளிக்கும். றிசீவர் சமாளிக்காது. ஒரு இலக்கம் சிதைஞ்சால் கூட்டல் பிழைக்கும், ஊதல் வராது, பனல் திருப்பித் திருப்பி அடிச்சுக் களைச்சுப்போய் 4ஐக் காட்டும். சில வீட்டில வேலை செய்யும், சில வீட்டில பத்துக்கு ஏழு தரம் வேலை செய்யும். பத்துக்கு ஏழு எண்டதைத் தாய்க்குக் குடுக்கேலாது.

இன்னொண்டு. செப்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சில இருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருக்கும். உங்கட வீட்டில கறண்ட் போனாலும் ரெலிபோன் உயிரோட இருக்கும். 2013 மார்கழி பனிப்புயல் ஞாபகம் இருக்கோ? ரொறன்ரோவில மட்டும் கிட்டத்தட்ட மூண்டு லட்சம் வாடிக்கையாளர்களுக்குக் கறண்ட் இல்லை. அப்ப நான் பூட்டின பனல்கள் பற்றறியில நிண்டு "கறண்ட் இல்லை", பேந்து "பற்றறி குறையுது" எண்டு ஒவ்வொண்டாய் நிலையத்துக்குச் சொல்லிக்கொண்டு இருந்தது. ஃபைபரில அந்த 48 வோல்ட் இல்லை. உங்கட வீட்டுக் கறண்டிலதான் ஃபைபர் பெட்டியும் றவுட்டரும் ஓடுது. அதால பனலுக்குப் பற்றறி இருந்தால் மட்டும் காணாது.

இனி மொடியூல். உங்கட பிசி1864 மாதிரியான பவர்சீரிஸ் பனலுக்கு என்விசாலிங்க் 4 எண்டு ஒண்டு இருக்கு. உள்ளங்கையளவு போட். பனலில கீபாட் பூட்டியிருக்கிற அதே நாலு முனையில இதையும் பூட்டுறது: சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை. சிவப்பும் கறுப்பும் மின்சாரம், மஞ்சள் தாளம் போடுற வயர், பச்சை தகவல் போற வயர். இது கீபாட் வயரில போறதை ஒட்டுக்கேட்டு இன்ரநெற்றில அனுப்பும். நியோ எண்ட புது டிஎஸ்சி பனலுக்கு இது சரிவராது, அதின்ர பாசை வேற. உங்களிட்ட இருக்கிறது பழைய பவர்சீரிஸ், பயமில்லை.

நீங்களே பூட்டலாம். பூட்டினால் முன் கதவு திறந்தது, அலாரம் போட்டது எல்லாம் உங்கட போனுக்கே வரும். ஆனால் ஒரு கேள்வி கேக்கிறன், கோவிக்காதேங்கோ. இரவு வேலையில உங்கட போன் எங்க இருக்கும்? லொக்கரில எண்டால், விடிய ரண்டு மணிக்கு வாற தகவலை ஆர் பாக்கிறது? உங்களுக்குக் கண்காணிப்பு நிலையம் கட்டாயம் வேணும். இந்த மொடியூலை ஏற்கிற நிலையங்கள் இருக்கு, மாசக்கணக்கில எடுக்கலாம், 36 மாசம் கட்டிப்போட மாட்டினம். அதுக்குக் கீபாட்டால பனலின்ர செற்றிங்குக்குள்ள போய் 382ஆம் பகுதியில 5ஆவது தெரிவைப் போட வேணும், 301இல ரெலிபோன் நம்பருக்குப் பதிலா நிலையம் சொல்லுற எழுத்துகளைப் போட வேணும். 015இல 7ஐ நிப்பாட்டினால் இல்லாத ரெலிபோன் லைனைத் தேடிப் பனல் முறைப்பாடு சொல்லாது.

இதுக்கெல்லாம் இன்ஸ்ரோலர் கோட் வேணும், பனலின்ர செற்றிங்கை மாத்த விடுற ரகசிய இலக்கம் அது. உங்கட பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கோ. பெட்டி உங்கட சொந்தம் எண்டு இருந்தால் கோட்டைக் கேட்டு எழுத்தில வாங்குங்கோ. ரெலிபோனில கேட்டால் இழுத்தடிப்பினம், இமெயிலில கேளுங்கோ. கறண்டையும் பற்றறியையும் கழட்டித் திருப்பிக் குடுக்கேக்க பெட்டிக்குள்ள கிளிக் கிளிக் கிளிக் எண்டு கெதியாச் சத்தம் வந்தால் வேற ஆக்கள் செற்றிங்கை மாத்தேலாமல் லொக் பண்ணி வைச்சிருக்கினம் எண்டு அர்த்தம். வராட்டில் நல்ல காலம்.

ரொறன்ரோவுக்குள்ள இருக்கிறபடியால் இதையும் தெரிஞ்சு வையுங்கோ. 2018 புரட்டாதி 10இல இருந்து ரொறன்ரோ பொலிஸ் வெறும் அலாரம் அடிச்சதுக்காக வராது. கமெரா, சத்தம், நேரில பாத்த ஆள், இல்லாட்டில் ஒண்டுக்கு மேற்பட்ட சோன் அடிச்சது எண்டு ஏதாவது ஒரு உறுதி வேணும். முன் கதவு திறந்து, பிறகு ஹோல் சென்சர் அடிச்சால் அது ரண்டு சோன். அதால ஒவ்வொரு சென்சருக்கும் சரியான பேர் குடுத்து நிலையத்திலயும் பதிஞ்சு வையுங்கோ. "சோன் 4" எண்டு மட்டும் இருந்தால் அங்க இருக்கிற பிள்ளைக்கு ஒண்டும் விளங்காது.


மல்லிகைப்பந்தல்:

அண்ணை, இவ்வளவு மினக்கெட்டு எழுதினதுக்கு எப்பிடி நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்லை. அந்த ஊதலும் பத்துப் பீப்பும் ஒண்டுதான் எண்டதை அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினன்.

நட்சத்திரம் 2 அமத்திப் பாத்தன். 1, 3, 4 மூண்டும் வருது. 1க்குள்ள போனால் பற்றறி. பெட்டியைத் திறந்து பாத்தன், பற்றறியில மார்க்கரால 2016 எண்டு எழுதிக் கிடக்கு. அடியில கொஞ்சம் ஊதின மாதிரியும் இருக்கு. 3 ஏன் வருது எண்டு வயரைப் பிடிச்சுக்கொண்டு போனன். ஃபைபர் பெட்டியில இருந்து வாற ரெலிபோன் வயர் நேரா எங்கட கோட்லெஸ் போனுக்குத்தான் போகுது. அலாரம் பெட்டிக்குப் போற பழைய வயர் ஒரு பக்கம் ஒண்டிலயும் பூட்டாமல் தொங்குது. அதாவது பங்குனியில இருந்து ஒரு தகவலும் போகச் சாத்தியமே இருக்கேல்லை.

போன் லொக்கரிலதான். நீங்கள் சொன்னது சரி. நிலையம் எடுக்கிறன்.

றவுட்டர் மேல ஹோலில இருக்கு, பனல் பேஸ்மென்டில. வைஃபையில செய்யேலாதோ?


கோவைக்காரன், மிசிசாகா:

அக்கா, நான் நெட்வொர்க் வேலையில இருக்கேன். அலாரம் பத்தி அந்த அண்ணன் அளவுக்குத் தெரியாது, ஆனா ரூட்டர் பக்கம் சொல்றேன்.

அந்த மாட்யூல்ல வைஃபையே கிடையாது, கேபிள்தான். அதுவும் நல்லதுக்குத்தான். தகரப் பெட்டிக்குள்ள வைஃபை வெச்சா சிக்னல் பாதி அங்கேயே செத்துரும். ஹாலுக்கு நேர் கீழ பேஸ்மென்ட்னா 15 மீட்டர் கேட் 5ஈ கேபிள் ஒண்ணு போதும். ஃபர்னஸ் குழாய் போற ஓட்டை வழியாவே பல வீட்டுல இறக்கிரலாம். சூடான குழாயைத் தொடாம, கரன்ட் வயரோட ஒட்டி நீளமா ஓடாம பாத்துக்குங்க. நடுவுல கரன்ட் சாக்கெட் வழியா இன்டர்நெட் அனுப்பற அடாப்டர், வைஃபை பிரிட்ஜ் இதெல்லாம் வேண்டாம்கா. நடுவுல எத்தனை பெட்டி வெக்கறீங்களோ, கரன்ட் போறப்ப அத்தனைக்கும் பேட்டரி வேணும்.

பேட்டரின்னு சொன்னதால இதைச் சொல்லிடறேன். ஃபைபர் பெட்டி தனியா இருக்கா, இல்ல ரூட்டரோட சேர்ந்தே இருக்கான்னு பாருங்க. தனியா இருந்தா ரெண்டையும் ஒரே யூபிஎஸ்ல (கரன்ட் போனா பேட்டரில ஓட வெக்கற பெட்டி) போடணும். நிறைய பேர் ரூட்டரை மட்டும் போட்டுட்டு, ஃபைபர் பெட்டியைச் சுவத்து சாக்கெட்லயே விட்டுருவாங்க. கரன்ட் போனா வீட்டுக்குள்ள வைஃபை விளக்கு ஜோரா எரியும், வெளிய ஒரு பைட்டும் போகாது. யூபிஎஸ்ல டிவி, பிரிண்டர் எதையும் சொருகாதீங்க. வாங்கின பிறகு பிளக்கைப் பிடுங்கி எவ்வளவு நேரம் நிக்குதுன்னு நீங்களே கடிகாரம் வெச்சுப் பாருங்க. டப்பாவுல போட்டிருக்கற கணக்கை நம்பாதீங்க.

அடுத்தது பாஸ்வேர்ட். வீட்டு நெட்வொர்க்லருந்து அந்த மாட்யூலோட பக்கத்தைத் திறந்தா யூசர் பேரும் பாஸ்வேர்டும் ரெண்டுமே யூசர்னுதான் வெச்சு வரும். முதல் வேலையா மாத்துங்க. மாட்யூல் தானே வெளிய சர்வரைத் தேடிப் போய்ப் பேசும். அதனால ரூட்டர்ல எந்தப் போர்ட்டையும் (நெட்வொர்க்குக்கு வாசல் மாதிரி) வெளியுலகத்துக்குத் திறந்துவிட வேண்டியதில்ல. யூடியூப்ல யாராவது 4025 போர்ட்டைத் திறக்கச் சொன்னா கேக்காதீங்க. வீட்டுக்குள்ள இருக்கற மத்த சாதனங்க பேசறதுக்கான வழி அது. அதுல போறது எதுவும் மறைச்சு அனுப்பறது இல்ல, வீட்டுக்கு வெளிய அதுக்கு வேலையும் இல்ல.

ஒரே ஒரு விஷயம் மனசுல வெச்சுக்குங்க. 2022 ஜூலை 8ம் தேதி கனடா முழுக்க ஒரே கம்பெனியோட இன்டர்நெட்டும் செல்போனும் ஒண்ணா விழுந்துச்சு. அன்னைக்கு எங்க வீட்டுல 911 கூட அடிக்க முடியல. பின்னாடி காசு சேர்ந்தா செல்லுலார் பேக்கப் ஒண்ணு போடுங்க, ஆனா வீட்டு இன்டர்நெட் எந்தக் கம்பெனியோ அதைத் தவிர வேற கம்பெனி சிம்மா இருக்கட்டும். 4ஜிக்குக் குறைஞ்சது வேண்டாம். அமெரிக்காவுல ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரி 22ல 3ஜியை நிறுத்தினப்ப அதை நம்பியிருந்த அலாரம் மாட்யூல் எல்லாம் வெறும் பிளாஸ்டிக்கா ஆயிடுச்சு.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.


வயர்க்காரன்:

தம்பி சொன்னது அத்தனையும் சரி. போட்டில வேலை செய்யேக்க மட்டும் என்ர பேச்சைக் கேளுங்கோ தங்கச்சி.

தொடங்க முன்னம் நிலையத்துக்கு அடிச்சு "வேலை நடக்குது, கணக்கை சோதனையில போடுங்கோ" எண்டு சொல்லுங்கோ. பிறகு ட்ரான்ஸ்ஃபோமரைக் கழட்டுங்கோ. சுவர்ச் சொக்கற்றில ஸ்குறூ போட்டு இறுக்கியிருக்கும், கையால இழுக்காதேங்கோ. பற்றறியின்ர சிவப்பு வயரையும் கழட்டுங்கோ. ரண்டும் கழட்டின பிறகுதான் முனையைத் தொட வேணும். மொடியூல் போட்டின்ர அடிப்பக்கம் தகரத்தில படக்கூடாது, கூட வாற பிளாஸ்ரிக் காலை வைச்சு நிப்பாட்டுங்கோ.

கழட்ட முன்னம் போனால ஒரு படம் எடுங்கோ. ரண்டு படம் எடுங்கோ, ஒண்டு கிட்ட, ஒண்டு தூர.

பற்றறி 12 வோல்ட் 7 அம்பியர் மணி, சீல் பண்ணின லெட் அசிட். புதுசு வாங்காமல் மொடியூல் பூட்டாதேங்கோ. பனல், கீபாட், சென்சர், மொடியூல் எல்லாம் சேந்து 300 மில்லிஅம்பியர் இழுத்தால் கணக்குக்கு 23 மணித்தியாலம் நிக்க வேணும். உங்கட ஊதின பற்றறி ஒரு மணித்தியாலமும் நிக்காது. பழசைக் குப்பையில போடாதேங்கோ, சிற்றியின்ர அபாயக் கழிவு எடுக்கிற இடத்தில குடுங்கோ.

புகை சென்சரையும் ஒருக்கா சோதிச்சு அதின்ர தகவலும் போகுதோ எண்டு நிலையத்தைக் கேளுங்கோ. வீட்டுக் காப்புறுதியில அலாரத்துக்கு விலைக்கழிவு தாறவை எண்டால் புது நிலையத்தின்ர சான்றிதழை அவைக்கும் அனுப்ப வேணும்.


மல்லிகைப்பந்தல்:

மூண்டு கிழமைக்குப் பிறகு எழுதுறன். காத்திருந்தவைக்கு மன்னிப்பு.

இன்ஸ்ரோலர் கோட் வாங்க ஒன்பது நாள் எடுத்தது. நாலு இமெயில். வயர்க்கார அண்ணை சொன்ன மாதிரி 2009 பத்திரத்தைத் தேடி எடுத்து, கருவி வீட்டுக்காரற்ர சொந்தம் எண்ட வரியைப் படம் பிடிச்சு அனுப்பின பிறகுதான் தந்தவை. கிளிக் சத்தமும் வரேல்லை.

போன சனிக்கிழமை வேலை இல்லாத நாள். கேபிள் இறக்கினது மகள். மேல ஹோலில இருந்து அவள் விட, கீழ நான் பிடிச்சு இழுத்தன். வயரைப் பூட்டிக் கறண்ட் குடுத்தால் கீபாட்டில "சிஸ்ரம் கிடைக்கேல்லை" எண்ட மாதிரி ஒரு வசனம். மொடியூல் இன்ரநெற்றில நிக்குது, பனல் மட்டும் இல்லை எண்டு காட்டுது. அரை மணித்தியாலம் ஒண்டும் ஓடேல்லை. திருப்பி எல்லாத்தையும் கழட்டிப்போட்டு, முதல் எடுத்து வைச்ச கிட்டப் படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தன். பேஸ்மென்டில ஒரு பல்ப் தான். அந்த வெளிச்சத்தில பச்சையும் மஞ்சளும் ஒண்டு போலத்தான் தெரியும். நான் மஞ்சள் முனையில பச்சையைப் பூட்டியிருக்கிறன். மகள் போன் லைற்றைப் பிடிச்சுக்கொண்டு நிக்க மாத்திப் பூட்டினன். கீபாட் வந்திட்டுது, ஒரு நிமிசத்தில இணையப் பக்கத்தில முன் கதவு, பின் கதவு எல்லாம் வரிசையா வந்து நிண்டுது. மகள் மேல ஓடிப்போய்க் கதவைத் திறக்க, என்ர போனில "முன் கதவு திறந்திருக்கு" எண்டு வருது. இதை வாசிக்கிற வேற ஆராவது பூட்டுறதெண்டால் தயவுசெய்து நல்ல வெளிச்சத்தில பூட்டுங்கோ.

382, 301, 015 மூண்டும் நிலையத்து ஆள் லைனில நிக்க ஒவ்வொண்டாய்ப் போட்டன். பொறுமையான பிள்ளை, ஒருக்காலும் அவசரப்படுத்தேல்லை. புகை சென்சரும் சோதிச்சாச்சு, 110 எண்டு அங்க விழுந்ததாம்.

தம்பி சொன்னது போல யூபிஎஸ்ஸில ஃபைபர் பெட்டியும் றவுட்டரும் மட்டும்தான். ஞாயிறு பின்னேரம் பிளக்கைப் பிடுங்கிப் பாத்தன். 5:10க்குப் பிடுங்கினது 6:55 மட்டும் நிண்டுது. எனக்கு அது காணாது, ஒரு இரவு முழுக்கக் கறண்ட் இல்லாமல் இருந்திருக்கிறம். பெருசா ஒண்டு வாங்கக் காசு ஒதுக்கி வைக்கிறன். அது வரைக்கும் கறண்ட் போனால் மகள் உடன பக்கத்து வீட்டு அக்காவுக்கு அடிக்க வேணும் எண்டு ஒழுங்கு செய்து, அந்த நம்பரைக் கீபாட்டுக்குப் பக்கத்தில ஒட்டியிருக்கிறன்.

தம்பிராசா ஐயா, நீங்கள் அக்கறையாச் சொன்னது எனக்கு விளங்குது. ஆனால் அந்தக் கம்பனியிலயே திருப்பிக் கையெழுத்து வைக்க மனம் வரேல்லை.

கடைசியா அம்மாவின்ர பட்டன். நிலையத்துக்குச் சொல்லிப்போட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து கீபாட்டுக்கு முன்னால விட்டன். மஞ்சள் முக்கோணம் இல்லை. அம்மா இடது கையால சுவரைப் பிடிச்சுக்கொண்டு, வலது கைப் பெருவிரலால ஏயை அமத்தினா. மூண்டு பீப். நாங்கள் மூண்டு பேரும் மூச்சு விடாமல் நிக்கிறம். அம்மா எண்ணத் தொடங்க முன்னமே கடகடவெண்டு வந்தது. எண்ணி முடிக்கேலாத வேகம். "பத்துத்தானே?" எண்டு பேத்தியைக் கேட்டா. பத்துத்தான் அம்மம்மா எண்டாள்.

வீட்டு ரெலிபோன் அடிச்சது. அம்மாவே போய் எடுத்து, தனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில, தான் சுகமா இருக்கிறன், இது சோதனை, தாங்க் யூ எண்டு சொன்னா.

இண்டைக்கு இரவு வேலைக்குப் போறன்.